நாட்டுச் செடியும் தாகம் கொள்ளும்

அவையோருக்கு வணக்கம்.

நாட்டுச் செடி வைத்தால் தண்ணீரே ஊற்ற வேண்டாம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதை நம்பி நட்டு, முதல் கோடையிலேயே செடி காய்ந்து சுள்ளியானவர்கள் நிறையப் பேர். இதில் இரண்டு குழப்பங்கள் இருக்கின்றன. நாட்டுச் செடி வேறு, வறட்சி தாங்கும் செடி வேறு. இரண்டுமாக இருக்கிற செடியும்கூட நட்ட அன்றைக்கே வறட்சியைத் தாங்கிவிடாது. அந்தத் திறன் வேரில் இருக்கிறது. வேர் கீழே இறங்க ஒரு வருடமாவது ஆகும்.

முதல் குழப்பத்தைப் பார்ப்போம். நீர்மருது நம் மரம்தான். ஆனால் பெயரிலேயே நீர் இருக்கிறது பாருங்கள், அது ஆற்றங்கரை மரம். சரளை மேட்டில் கொண்டுபோய் நட்டால் தவிக்கும். நித்தியகல்யாணியின் பூர்வீகம் மடகாஸ்கர், காகிதப்பூவுக்குத் தென் அமெரிக்கா. இரண்டும் வறட்சியை நன்றாகவே தாங்குகின்றன. சீமைக் கருவேலமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். வறட்சி தாங்குவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அது கட்டுக்கடங்காமல் பரவியதற்கு அந்தக் குணமும் ஒரு காரணம். உண்ணிச்செடியும் அதே கதை. பல நிறப் பூக்களைக் காட்டி அழகுச்செடி என்று விற்பார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காடு வரை கொண்டுபோய்ப் போடும். நித்தியகல்யாணி வைத்திருப்பவர்கள் பிடுங்கி எறிய வேண்டாம், உண்ணிச்செடி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆகவே "இது எந்த நாட்டுச் செடி?" என்பதோடு "இது எந்த நிலத்துச் செடி?" என்றும் கேளுங்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்துக்கே செடியின் பெயரை வைத்த மொழி நம்முடையது. அதே கண்ணோடு உங்கள் தோட்டத்து மண்ணைப் பார்த்தால் போதும்.

மண்ணைத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. 30 சென்டிமீட்டர் ஆழம், 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குழி வெட்டுங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சியால் அளந்து பாருங்கள். 2.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இறங்கினால் வடிகால் போதாது. அந்த இடத்தில் வறண்ட நிலத்துச் செடி தாகத்தால் சாகாது, மழைக்காலத்தில் வேர் அழுகித்தான் சாகும். அங்கே 20, 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் மணற்பாங்கான நிலம். மட்கு உரம் கலந்தால் நல்லது, ஆனால் குழிக்குள் மட்டும் போடாமல் பாத்தி முழுவதும் கலக்க வேண்டும். அந்தக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது செடிகள் வறட்சியை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்ப்போம். பெரும்பாலும் மூன்று வழிகள். ஒன்று, ஆழமாக வேர் விட்டு அடியில் இருக்கும் ஈரத்தைக் குடிப்பது. ஆவாரை, புங்கம், வேம்பு எல்லாம் இந்த வகை. இரண்டு, தண்ணீரைத் தண்டிலோ இலையிலோ சேர்த்து வைப்பது. பிரண்டையும் கற்றாழையும் அப்படி. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து மூச்சு வாங்கும்போது தண்ணீரையும் இழக்கின்றன. இவை இரவில் திறந்து பகலில் மூடிக்கொள்கின்றன. மூன்று, செலவைக் குறைப்பது. அரளி இலையைத் திருப்பி ஓர் உருப்பெருக்கியில் பாருங்கள். அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும், குழிக்குள் மெல்லிய ரோமம் இருக்கும். இலைத்துளைகள் அந்தக் குழிக்குள் ஒளிந்திருப்பதால் வெயில் காற்று நேராக அடிப்பதில்லை. (அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. குழந்தைகள் விளையாடும் இடத்தில் வைக்காதீர்கள்.) கிளுவை ஒரு படி மேலே போய், கோடையில் இலையையே உதிர்த்துவிடும்.

இந்த வேறுபாடு எதற்கு என்று கேட்டால், தொட்டியைச் சொல்வேன். ஆழமாக வேர் விடும் செடியைத் தொட்டியில் வைத்தால் அதன் வித்தையே செல்லாது. 30 சென்டிமீட்டர் மண்ணுக்குள் அது எங்கே போய் ஈரம் தேடும்? மொட்டை மாடியில் வறட்சி தாங்கும் செடி வேண்டுமானால் இரண்டாம் வகையிலிருந்து எடுங்கள். தொட்டியில் ஆவாரை வைத்துவிட்டுத் "தினமும் தண்ணீர் கேட்கிறதே" என்று வருந்தினால் செடியின் மேல் குற்றமில்லை.

செடி வாங்கும்போது உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு மீட்டர் உயரச் செடியைவிட 30, 45 சென்டிமீட்டர் கன்று சீக்கிரம் வேர் பிடிக்கும். சில வருடங்களில் பெரியதை எட்டிவிடும், சமயத்தில் தாண்டியும் விடும். பெரிய செடி சிறிய பையில் நெடுநாள் இருந்திருந்தால், பையைக் கிழித்ததும் வேர்கள் கயிறு சுற்றியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டிருப்பதைக் காணலாம். அப்படியே நட்டால் அந்த வேர் நிலத்திலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கத்தியால் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறி, அடியில் சுருண்ட வேரை வெட்டிவிட்டு நடுங்கள். ஆவாரைக்கு மட்டும் பை கன்றை நான் சொல்ல மாட்டேன். ஆணிவேர் கெட்டால் தேறுவது கடினம். விதையைத் தேய்த்துத் தோலைச் சற்றுச் சிராய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, மழை தொடங்கும்போது நேராக நிலத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றிவிடுங்கள். வேலிக்குக் கிளுவையானால் போத்து, அதாவது வெட்டிய கிளையையே நடலாம். ஒன்று, ஒன்றரை மீட்டர் நீளப் போத்தை 30 சென்டிமீட்டர் புதைத்தால் போதும். நொச்சியும் ஆடாதோடையும் போத்தில் வரும். ஆடு மாடு இரண்டையும் பெரும்பாலும் தொடாது. மதில் காக்கும் போருக்கே நொச்சி என்று பெயர் வைத்தார்கள், வேலிக்கு அது பொருத்தம்தான்.

குழி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஆழம் வேர்க்கட்டின் (பையிலிருந்து எடுத்த வேரும் மண்ணுமான கட்டியின்) ஆழத்துக்கு மேல் வேண்டாம், அகலம் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். ஆழமாக வெட்டி, மட்கும் தொழுவுரமுமாக நிரப்பினால் இரண்டு கேடு. உரம் மக்கி அமுங்க அமுங்கச் செடி கீழே இறங்கி, தண்டின் கழுத்து மண்ணுக்குள் போய் அழுகும். களிமண் என்றால் அந்தக் குழி தொட்டிபோல ஆகிவிடும். சுற்றியுள்ள மண்ணுக்குள் போகாத தண்ணீர் அதில் தேங்கும், வேரும் சொகுசான மண்ணை விட்டு வெளியே வராது. மட்கைக் குழிக்குள் மட்டும் போட வேண்டாம் என்றது இதற்காகத்தான். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். தழைச்சத்து மிகுந்த உரமும் வேண்டாம். மெத்தென்ற இளந்தளிர் பெருகும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வரும், தண்ணீர்ச் செலவு கூடும்.

அடுத்தது பாசனம். தினமும் ஒரு குவளை ஊற்றுவதுதான் மிகப் பெரிய தவறு. மேல்மண் நனையும், வேர் மேலேயே நிற்கும், ஒரு வாரம் ஊருக்குப் போனால் செடி போய்விடும். கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 25 லிட்டர் ஊற்றுவது 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். மணலில் அது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரை இறங்கும், களியில் 10 முதல் 13 சென்டிமீட்டர்தான். அதனால் களியில் ஒரே மூச்சாக ஊற்றாமல், இடைவெளி விட்டு இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். மழை இல்லாத நாட்களில் சிறு புதர்ச்செடிக்கு முதல் மாதம் மூன்று நாளுக்கு ஒருமுறை 8, 10 லிட்டர் கொடுக்கலாம். பிறகு வாரம் ஒருமுறை 15, 16 லிட்டர். சொட்டுநீர்க் குழாயில் மணிக்கு 4 லிட்டர் சொட்டும் சொட்டுவாய் இரண்டு போட்டு இரண்டு மணி நேரம் திறந்தால் 16 லிட்டர் ஆகிறது. சொட்டுவாயைத் தண்டை ஒட்டி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். கிளை விரிய விரிய அதன் ஓரத்துக்கு நகர்த்துங்கள், வேர் பின்னாலேயே வரும்.

மண்ணின் மேல் சருகு, வைக்கோல் பரப்பும் மூடாக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் தடிமன் போதும், தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள். ஒட்டிப் போட்டால் பட்டை அழுகும், கறையானும் ஏறும்.

செடி வாடினால் உடனே குழாயைத் திறக்காதீர்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு இலை தொங்கி, மறுநாள் காலையில் நிமிர்ந்திருந்தால் அது நோயில்லை. காலையிலும் தொங்கியிருந்தால் ஒரு கம்பியை 20 சென்டிமீட்டர் குத்தி எடுத்து, ஒட்டும் மண்ணைப் பாருங்கள். உலர்ந்திருந்தால் தண்ணீர் கேட்கிறது. ஈரமாக இருந்தும் இலை மஞ்சளாகித் தொங்கினால் வேர் மூச்சுத் திணறுகிறது, அதற்கு மேலும் ஊற்றினால் கதை முடிந்தது. தாகமும் அழுகலும் மேலே ஒரே மாதிரிதான் தெரியும், அதனால்தான் கம்பி. கிளுவையும் வெப்பாலையும் கோடையில் மொட்டையாக நின்றால் பிடுங்கிவிடாதீர்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிரோடுதான் இருக்கிறது. ஆவாரை இலையில் ஓட்டை விழுந்தாலும் மருந்தடிக்க ஓடாதீர்கள். இலையில் பட்டாம்பூச்சிப் புழு இருக்கும். புழு கூடு கட்டியதும் செடி தானாகவே தழைக்கும்.

இரண்டாம் கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிறையத் தண்ணீர் கொடுங்கள். மூன்றாம் கோடையில் காலையிலும் இலை தொங்கினால் மட்டும் ஒருமுறை கொடுக்கலாம். அப்படித் தொங்காமல் ஒரு கோடையைக் கடந்துவிட்டால், அந்தச் சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டுபோய் அடுத்த கன்றுக்குப் போட்டுவிடுங்கள்.