ஓர் அட்டை, ஆறு குடும்பங்கள்

நடுவர் அவர்களே, கிருஷ்ணகிரிப் பெருமக்களே, வணக்கம். வாடகை குறைய ஊரை வெளியே விரிக்க வேண்டும் என்றார் எதிரணித் தலைவர். ஊருக்குள்ளேயே மாடி எழுப்ப வேண்டும் என்பது எங்கள் கட்சி.

நம் மாவட்டத்து ஓசூரையே எடுத்துக்கொள்வோம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 2019-இல் ஊர் மாநகராட்சி ஆனது. வேலை வந்த வேகத்தில் வீடு வரவில்லை. சென்ற ஆண்டு என் தங்கைக்கு அங்கே வீடு தேடி அலைந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டை தொங்கிய கேட்டின் முன்னால் எங்களோடு சேர்த்து ஆறு குடும்பங்கள். ஓர் அறை, ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். வீட்டுக்காரர் வாடகையைச் சொல்லவில்லை, “நீங்கள் எவ்வளவு தருவீர்கள்?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அட்வான்ஸ் பத்து மாதம்.

2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. அதை அந்தக் கேட்டின் முன்னால் நின்று யார் பேசுவது? பேசினால் அடுத்த குடும்பம் சாவியை வாங்கிக்கொள்ளும். ஓர் அட்டைக்கு ஆறு குடும்பம் என்பது, ஆறு அட்டைக்கு ஒரு குடும்பம் என்று மாறட்டும். அன்றைக்கு அந்தச் சட்டத்துக்கு உயிர் வரும்.

“புதிய மாடி வீடு பணக்காரருக்குத்தானே?” என்றார் எதிரணி அம்மையார். உண்மை, முதலில் அவர்தான் குடியேறுவார். ஆனால் அவருக்கு அந்த வீடு இல்லையென்றால் சும்மா இருப்பாரா? என் தங்கை கேட்ட அதே ஓரறை வீட்டை இரண்டாயிரம் கூடக் கொடுத்து எடுத்துக்கொள்வார். அதுதான் நடந்தது.

தண்ணீருக்கு எங்கே போவது என்றார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரு மாவட்டமும் குடிப்பது ஒகேனக்கல்லிலிருந்து குழாயில் வரும் காவிரி. நாற்பது குடும்பம் ஒரே தெருவில் இருந்தால் அந்தத் தெருவுக்கு ஒரு குழாய் பதித்தால் போதும். அதே நாற்பது குடும்பம் மாந்தோப்பை வெட்டிப் போட்ட மனைகளில் சிதறிக் கிடந்தால் குழாய் எப்போது போய்ச் சேரும்? அதுவரை டேங்கர். வாடகையில் மிச்சமானது டேங்கருக்குப் போகும். சாக்கடையைப் பெரிதாக்க வேண்டும் என்கிறீர்களா? கட்டாயம் வேண்டும், அதை முதலில் செய்யுங்கள்.

விண்ணை முட்டும் கோபுரங்களை நாங்கள் கேட்கவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2 வரை தருகின்றன. முப்பதுக்கு நாற்பது மனை என்றால் 1,200 சதுர அடி. அதில் 2,400 சதுர அடி வரை கட்டலாம். தரைத் தளத்தோடு நிற்கும் வீட்டுக்காரருக்கு மாடி எழுப்ப வங்கிக் கடனும், அலையவிடாத அனுமதியும் கொடுங்கள் என்கிறோம்.

என் தங்கை இப்போது ஊருக்கு வெளியே இருக்கிறாள். கம்பெனி பஸ் அந்தப் பக்கம் வராது. ஆறு மணி ஷிப்டுக்கு நான்கு மணிக்கே எழுந்து, தூங்கும் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டு, இருட்டில் பிரதான சாலை வரை நடக்கிறாள். அவளுக்கு வீடு கிடைக்காத அந்தத் தெருவில் ஒற்றைத் தளத்தோடு நிற்கும் வீடுகளை எண்ணிப் பார்த்தேன், நடுவர் அவர்களே. பதினொன்று.