துடைப்பக் கம்பும் ஒரு மாளிகையும்

நேயர்களுக்கு வணக்கம். பெரிய வீடு என்றாலே தலைமுறை மாறும்போது சிக்கல்தான். இங்கிலாந்தில், பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள பிளெட்ச்லி பார்க் மாளிகையின் கதையும் அதுவே.

லண்டன் செல்வந்தர் ஹெர்பர்ட் லியோன் 1883-இல் இதை வாங்கினார். ஆசைப்பட்டபோதெல்லாம் ஒரு துண்டைச் சேர்த்தார். இங்கே கோத்திக் வளைவு, அங்கே டச்சுப் பாணி முகப்பு, ஓரத்தில் செம்புக் குவிமாடம். ரசனை உள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்குப் பிடிக்கும். வாழ்ந்த வீடு அப்படித்தான் இருக்கும்.

லியோனின் மனைவி 1937-இல் மறைந்ததும் வீடு விலைக்கு வந்தது. மறு ஆண்டு உளவுத்துறைத் தலைவர் அட்மிரல் சின்க்ளேர் வாங்கினார். எந்தத் துறை பணம் தருவது என்ற இழுபறியில், தம் சொந்தப் பணத்தையே போட்டுவிட்டார்! அரசு அலுவலகம் ஏறி இறங்கியவர்களுக்கு இது வியப்பாக இராது.

போர்க்கால ஒத்திகைக்கு வந்த உளவாளிகள் ஊராரிடம், 'கேப்டன் ரிட்லியின் வேட்டைக் கூட்டம்' என்று சொல்லிக்கொண்டார்கள். சமைக்க லண்டன் சவாய் ஹோட்டலிலிருந்தே ஆளை வரவழைத்தார் சின்க்ளேர். வேட்டைக்கு வந்தவர்கள் துப்பாக்கியைத் தூக்கவில்லை, முள்கரண்டியைத்தான் தூக்கியிருப்பார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. புல்வெளியில் மரக் கொட்டகைகள் முளைத்தன. ஆறாம் எண் கொட்டகையில் ஜெர்மானியரின் எனிக்மா என்ற ரகசியக் குறியீட்டு இயந்திரத்தின் சங்கேதத்தை உடைப்பார்கள். பக்கத்தில் மூன்றாம் எண்ணில் மொழிபெயர்ப்பார்கள். இரண்டுக்கும் இடையே காகிதம் எப்படிப் போயிற்று தெரியுமா? சுவரில் ஓட்டை போட்டு, ஒரு மரக்குழாய் வைத்து, தட்டில் காகிதத்தை வைத்து, துடைப்பக் கம்பால் தள்ளினார்கள். ஆமாம், துடைப்பக் கம்புதான். உலகின் மிகச் சிக்கலான கணக்கைப் போட்டவர்கள், அதன் விடையைத் துடைப்பக் கம்பால் தள்ளினார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

போரின் உச்சத்தில் ஏறக்குறைய 9,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள்; முக்கால்வாசிப் பேர் பெண்கள். போர் முடிந்து முப்பது ஆண்டு வரை, பெற்ற தாய்க்கும் கட்டிய கணவனுக்கும்கூட மூச்சு விடாதவர்கள் அவர்கள்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கிவிடுகிறேன். பிறகு அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடந்தது. தபால் துறை தொலைபேசிப் பொறியாளர்களைப் பழக்கியது. 1991-இல் இடித்து வீடுகள் கட்டப் போவதாகப் பேச்சு. உள்ளூர் வரலாற்றுக் கழகத்தார் பழைய ஊழியர்களைத் தேடிப் பிடித்து ஒரு பிரிவு விருந்து வைத்தார்கள். அவர்கள் வாய் திறந்து பேசியதைக் கேட்டபின் இடிக்க விட மனம் வரவில்லை. அடுத்த ஆண்டே அறக்கட்டளை அமைந்தது; இன்று அருங்காட்சியகம். அங்கே சங்கேதம் உடைத்த கணிதமேதை ஆலன் டூரிங்கின் தேநீர்க் கோப்பைக் கதையும் வைத்திருந்தேன், நேரமில்லை. வணக்கம்.