40 சாட்டிலைட் எரிந்து போச்சு! இதற்கும் கொடைக்கானலுக்கும் என்ன சம்பந்தம்?

2022 பிப்ரவரி 3. எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் இணைய சேவைக்கான 49 ஸ்டார்லிங்க் சாட்டிலைட்களை மேலே அனுப்புகிறது. மறுநாளே புவிகாந்தப் புயல், அதாவது பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படும் கலக்கம், அதுவும் மிதமான புயல்தான். ஆனால் மேல்வளிமண்டலம் சூடாகி உப்பி, தாழ்வான பாதையில் இருந்த சாட்டிலைட்களைக் காற்று பிடித்து இழுத்ததில், ஏறக்குறைய 40 திரும்பி விழுந்து எரிந்தே போய்விட்டன. புயலைக் கிளப்பியது சூரியன். அந்தச் சூரியனைத்தான் நூறு வருடத்துக்கும் மேலாகக் கொடைக்கானலில் கவனித்து வருகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அரசுப் பணம் உடனே பலன் தரும் சாட்டிலைட்டுக்கா, "இதனால் யாருக்கு என்ன லாபம்" என்று கேட்கப்படும் அடிப்படை ஆராய்ச்சிக்கா? இந்தியாவில் விண்வெளித் துறைக்கு வருடத்துக்குச் சுமார் 13,000 கோடி ரூபாய் ஒதுக்குகிறார்கள்.

இப்போது கொடைக்கானல் கதை, எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் செத்துப் போனார்கள். மழை ஏன் பொய்த்தது, சூரியனில் ஏற்படும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விதான் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் வரக் காரணம். யோசித்துப் பாருங்கள், ஆரம்பமே சோற்றுப் பிரச்சினை! மழையைச் சொல்லும் சூத்திரம் கிடைக்கவில்லை. ஆனால் 1909-இல் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் அங்கே உட்கார்ந்து, சூரியப் புள்ளிகளில், அதாவது சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளிகளில், வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். 1904-லிருந்து எடுத்த சூரியப் படங்களும் அங்கே இருக்கின்றன, நூறு வருடத்துக்கும் மேலான சூரியனின் ஜாதகம்!

அப்புறம் 2023 செப்டம்பர் 2, இஸ்ரோவின் சூரிய ஆய்வு விண்கலமான ஆதித்யா எல்1 கிளம்புகிறது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்க்கும் அதன் முக்கியக் கருவியைச் செய்தது யார் தெரியுமா? கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்.

இந்தியாவின் முதல் ராக்கெட் தளமான கேரளாவின் தும்பாவும் அப்படித்தான், தொடக்கம் அடிப்படை ஆராய்ச்சிதான். பூமியின் காந்த நடுக்கோடு (காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் கோடு) பக்கத்தில் போகிறது என்பதற்காகவே தேர்ந்தெடுத்த ஊர், 1963-இல் ஏறிய முதல் ராக்கெட்டும் சோடியம் ஆவியைக் கக்கி மேல்காற்றை ஆராயத்தான் போனது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சாட்டிலைட்டுக்குப் பணம் கேட்க ஆள் உண்டு, மீனவருக்கு வேண்டும், டிவிக்கு வேண்டும், ராணுவத்துக்கு வேண்டும். மலை மேல் தினமும் சூரியனைப் படம் எடுப்பவருக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்? அவருடைய பணம் விண்வெளித் துறையிலிருந்தும் வருவதில்லை, அறிவியல் தொழில்நுட்பத் துறையிலிருந்து வருகிறது. சாட்டிலைட் இந்த வருடம் தள்ளிப் போனால் அடுத்த வருடம் விட்டுக்கொள்ளலாம், ஆனால் இந்த வருடத்துச் சூரியனை அடுத்த வருடம் படம் எடுக்க முடியாது. அதனால் விண்வெளிக்கு ஒதுக்கும் பணத்திலேயே ஒரு பங்கை இந்த மாதிரி நீண்டகால ஆய்வுக்கென்று பிரித்து, எந்தக் காரணத்துக்காகவும் அதில் கை வைக்காமல் இருக்க வேண்டும்.

எத்தனை சதவீதம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? கமெண்ட்டில் எண்ணைப் போடுங்கள், காரணத்தோடு.