பிபி சரியாக இருக்கிறது, பாதம் ஏன் சில்லென்று இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர் நான். பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "ஒரு மருந்து இதயத்தை முடுக்கும் என்கிறீர்கள், இன்னொன்று ரத்தக்குழாயைத் தளர்த்தும் என்கிறீர்கள். தளர்த்தினால் பிபி இறங்காதா டாக்டர்?"

கொஞ்சம் இறங்கலாம்தான். ஆனால் பிபி வேறு, ரத்த ஓட்டம் வேறு. மெட்ரோ வாட்டர் லாரியின் ஹோஸ் பைப்பை யாராவது மிதித்துக்கொண்டு நின்றால், லாரிப் பக்கம் பைப் புடைத்து நிற்கும். குடத்தில் நூல் மாதிரிதான் விழும். அழுத்தத்துக்கு அங்கே குறைவில்லை.

பிறந்த குழந்தைக்கு இது பெரிய விஷயம். வயிற்றில் இருக்கும்வரை நஞ்சுக்கொடி வழியே ரத்தம் சுலபமாக ஓடும். தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வழி அடைபட்டு, இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய சுமை சட்டென்று ஏறுகிறது. தள்ளும் தசையோ இன்னும் முற்றவில்லை. பெரியவர்களின் இதயத் தசையில் சுருங்கும் இழைகள் சுமார் 60 விழுக்காடு. பச்சிளங்குழந்தைக்கு 30 தான். குறைமாதக் குழந்தைக்கு நிலைமை இன்னும் மோசம்.

பிறவி இதயக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை முடிந்தபின் 6 முதல் 18 மணி நேரத்துக்குள் சில குழந்தைகளுக்கு இதயம் சோர்வதுண்டு. உடம்பு உடனே கை கால் ரத்தக்குழாய்களை இறுக்கி பிபியைக் காப்பாற்றிக்கொள்ளும். மானிட்டரில் எண் அழகாக இருக்கும். பாட்டி பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "சில்லுன்னு இருக்கே" என்பார். என்னைக் கேட்டால் அந்த நேரத்தில் மானிட்டரைவிடப் பாட்டியை நம்பலாம். அப்போது இதயத்தை முடுக்கும் டோபமைன் என்ற மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், அதிக அளவில் அதுவும் குழாயை இறுக்கும். எண் உயரும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாமல் மூத்திரம் வராது.

அதனால்தான் ஜோடி மருந்து. டோபமைனோ டோபுடமினோ தசைக்கு வலுக் கொடுக்க, நைட்ரோபுருசைடு குழாயைத் திறந்து சுமையைக் குறைக்கும். வெளிச்சம் பட்டால் நைட்ரோபுருசைடு கெட்டுவிடும். சிரிஞ்சில் கறுப்புத்தாளோ அலுமினியத் தாளோ சுற்றியிருப்பது அதற்காகத்தான், பயப்பட வேண்டாம். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்வது மில்ரினோன். இதய அறுவை முடிந்த 238 குழந்தைகளிடம் இதைச் சோதித்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. மருந்தில்லாத சிரிஞ்சு போட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 26 பேருக்கு இதயம் சோர்ந்தது. அதிக அளவு மில்ரினோன் பெற்றவர்களில் சுமார் 12 பேருக்குத்தான்.

எல்லாக் குழந்தைக்கும் இது சரிவராது. கிருமித் தொற்றால் குழாய்கள் ஏற்கெனவே தளர்ந்து, உடம்பு சூடாக, பிபி இறங்கிக் கிடந்தால் மேலும் தளர்த்துவது ஆபத்து. உடம்பில் நீர் குறைந்திருந்தால் முதலில் டிரிப்தான், அப்புறம்தான் மற்றது.

இன்னொரு தொல்லை, மருந்தை நிறுத்துவதில். டோபுடமினும் நைட்ரோபுருசைடும் நிறுத்திய சில நிமிடங்களில் அடங்கிவிடும். மில்ரினோன் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. அது மந்தமாக இருந்தால் நிறுத்தியபின்னும் பல மணி நேரம் பிபி தாழ்ந்தே இருக்கலாம். மூத்திர அளவை நர்ஸ் மணிக்கொருதரம் குறிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 1 மில்லியாவது வர வேண்டும். பிபி எவ்வளவு என்று விசாரிக்கும்போது இதையும் கேளுங்கள், தாராளமாகச் சொல்வோம்.