இறக்கைக்குப் பதில் ஒரு பல்பு

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் நாட்டுக்கோழி வைத்திருந்தவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். மேய்ந்துகொண்டிருக்கிற குஞ்சுகள் திடீரென்று ஓடிப்போய்த் தாயின் இறக்கைக்குள் புகுந்துகொள்ளும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டும், மறுபடி மேயப் போகும். குளிர்ந்தால் உள்ளே, சூடேறினால் வெளியே. பொரித்த முதல் இரண்டு வாரத்துக்குக் குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. மேலே இருப்பது பஞ்சுதான், இறகு முளைக்கவில்லை. இங்குபேட்டரில், அதாவது முட்டை பொரிக்கும் இயந்திரத்தில், பொரித்த குஞ்சுக்கு அந்த இறக்கையும் இல்லை. அதற்குப் பதிலாக நாம் வைப்பதுதான் புரூடர். தரையில் இரண்டு அங்குலம் உமி, அதன்மேல் செய்தித்தாள், சுற்றிலும் தகடு, நடுவில் குண்டு பல்பு. வெளிச்சம் வருகிறதே என்று எல்.இ.டி. பல்பு மாட்டிவிடாதீர்கள். குஞ்சுக்கு வேண்டியது வெளிச்சமல்ல, சூடு.

ஒரு மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். சேலம் பக்கம் அயோத்தியாப்பட்டணத்தில் சித்திரை வெயிலில் 100 குஞ்சுகளை இரண்டு 60 வாட் பல்பிலேயே வளர்த்திருந்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை. அந்தத் தைரியத்தில் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் தங்கை வீட்டுக்கு 100 குஞ்சு வாங்கிக்கொண்டு மலையேறினேன். அதே இரண்டு பல்பு, அதே உயரத்தில் மாட்டினேன். சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியவனுக்கு, மேலே குளிர் அதிகமாக இருக்கும் என்பது தோன்றவில்லை.

தகடு கொண்டுபோகாததால் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துச் சதுரமாக நிறுத்தியிருந்தேன். ராத்திரி குஞ்சுகள் கத்தின. "என்னண்ணா, இப்படிக் கத்துதுங்க?" என்றாள் தங்கை. "புது இடம் இல்லையா, கத்தட்டும்" என்று படுத்துவிட்டேன். விடியற்காலை எழுந்து பார்த்தால், கதவிடுக்கில் பனி உள்ளே வந்துகொண்டிருக்கிறது. எல்லாக் குஞ்சும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. கையால் விலக்கி விலக்கி எடுத்தோம். அடியில் 27 குஞ்சுகள் செத்துக் கிடந்தன. மேலே ஏறியவற்றின் பாரத்தில் மூச்சு முட்டிப் போயிருந்தன. தங்கை அழுதேவிட்டாள்.

அதனால்தான் தகட்டை வட்டமாக வளையுங்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன். மூலையே இருக்கக் கூடாது. குளிர்காலத்தில் குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் கணக்கு வையுங்கள். 100 குஞ்சுக்கு நாலு 60 வாட் பல்பு. தெர்மாமீட்டர் இருந்தால் குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்துப் பாருங்கள், சுவரில் மாட்டாதீர்கள்.

தெர்மாமீட்டர் இல்லையா, குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் நெருக்கிக்கொண்டு கத்தினால் குளிர். தகட்டோரம் ஒதுங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன்: கத்தினால் எழுந்து போய்ப் பாருங்கள். அதுவும் ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு. பகலில் எல்லாப் புரூடரும் நன்றாகத்தான் தெரியும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வாரக் கணக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறையுங்கள், பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால் போதும். கரண்ட் போனால் கரி அடுப்பு வைக்கலாம், ஆனால் ஜன்னலை முழுக்க அடைக்காதீர்கள், அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருப்பவரையும் கொல்லும். குஞ்சு வந்து இறங்கியதும் முதலில் தண்ணீர், பிறகுதான் தீவனம். மலையில் இருப்பவர்கள் தொட்டித் தண்ணீரை அப்படியே வைக்காமல் வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். வணக்கம்.