உப்பு வயலில் நாற்றுக்குத் துணை நிற்கும் பாக்டீரியா

[காட்சி: தன்லின் பக்கம் ஒரு வயல். காய்ந்த மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் படிவம்.]

வணக்கம். பர்மாவில் கடலோரம் நெல் போடும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் இந்த வெள்ளை நன்றாகத் தெரியும். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவுக்குள் சுமார் 12 அடி உயரத்துக்குக் கடலைக் கொண்டுவந்தது. புயல் வராத வருஷத்திலும் கோடையில் ஆறு வற்றினால் உப்புத்தண்ணீர் வாய்க்காலில் ஏறிவிடுகிறது.

நெல்லுக்கு நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும்தான் கண்டம். உப்பு மண்ணில் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. சோடியம் உள்ளே புகுந்து பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நாற்று முடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது செடிக்குள்ளேயே உருவாகிறது.

[காட்சி: வாழைத்தார் மேல் புகை மூட்டம்.]

வாழைத்தாரைப் புகை போட்டுப் பழுக்க வைப்போம் அல்லவா? அந்தப் புகையில் எத்திலீன் வாயு இருக்கிறது. அதே எத்திலீனை, உப்பு தாக்கியதும் நாற்று தானே அளவுக்கு மீறிச் சுரக்கிறது. வேர் வளர்வது நிற்கும், இலை பழுக்கும். எத்திலீனுக்கு மூலப்பொருள், செடிக்குள் உருவாகும் ஏசிசி என்ற சேர்மம். சூடோமோனாஸ் போன்ற சில மண் பாக்டீரியாக்கள் வேரில் ஒட்டிக்கொண்டு, ஏசிசி டீஅமினேஸ் என்ற நொதியால் அந்த மூலப்பொருளையே உடைத்து, அதிலுள்ள நைட்ரஜனைத் தின்றுவிடுகின்றன. எத்திலீன் குறைகிறது, வேர் தொடர்ந்து இறங்குகிறது. எனக்கு இதில் பிடித்ததே இதுதான்: பாக்டீரியாவுக்கு அது சாப்பாடு, நாற்றுக்கு உயிர். சில வகைகள் வேரைச் சுற்றிப் பசை போலப் படர்ந்து சோடியத்தையும் பிடித்து வைக்கும்.

சரி, எப்படிப் போடுவது? சூடோமோனாஸ் தூள் என்றால் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம். ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்துங்கள். நடும்போது நாற்றின் வேரை, இந்தத் தூளைக் கரைத்த தண்ணீரில் அரைமணி நேரம் நனைக்கலாம். பூஞ்சண மருந்தோடு கலக்கவே கூடாது. பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள். செத்த பாக்டீரியாவுக்குக் காசு கொடுக்காதீர்கள். எல்லாச் சூடோமோனாஸுக்கும் இந்த நொதி கிடையாது. உப்பு நிலத்துக்கென்று தேர்ந்தெடுத்த பாக்டீரியா ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், இது மண்ணிலிருந்து உப்பை எடுக்காது. அதற்கு மழைத் தண்ணீரைத் தேக்கி வடிக்கத்தான் வேண்டும். மழை உப்பைக் கழுவும்வரை நாற்று தாக்குப்பிடிக்க இது உதவும். அவ்வளவுதான்.

[காட்சி: இரண்டு நாற்றுகளின் வேர், பக்கத்தில் பக்கத்தில்.]

முதலில் ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பாருங்கள். பக்கத்துப் பாத்தியைச் சும்மா விடுங்கள். நட்ட இருபதாம் நாள் இரண்டிலும் ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரைக் கழுவி, வெள்ளைத் துணியில் வைத்து அளந்து பாருங்கள்.