பத்தியம் முறிக்கிற நாள்

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசையில் கேட்கிறதா? சரி.

சில வருஷங்களுக்கு முன் ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். நான் உணவு ஆலோசகர் வேலை பார்ப்பவள். அவர் கையில் தடிமனான ஃபைல். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாகிவிட்டது, எதிலும் குறையில்லை. "வெள்ளிக்கிழமை மட்டும் வயிறு சமர்த்தா இருக்கு மேடம். மத்த நாள் சாயங்காலமானா தவில் மாதிரி ஆயிடுது" என்றார்.

வெள்ளிக்கிழமை என்ன விசேஷம் என்று கேட்டேன். விளக்கு பூஜையாம். அன்றைக்கு அவர்கள் வீட்டில் வெங்காயமும் பூண்டும் அடுப்பில் ஏறாது.

அப்படியானால் வெங்காயம்தான் என்று உங்களில் பாதிப்பேர் இப்போதே முடிவு கட்டியிருப்பீர்கள். நானும் கட்டினேன். ஆனால் அதே வெள்ளிக்கிழமைதான் அவர் கடை பஜ்ஜி சாப்பிடுவதில்லை, சாயங்காலம் கோவிலுக்கு நடந்து போகிறார், ராத்திரி ஒரு வேளை பலகாரத்தோடு நிறுத்திக்கொள்கிறார். இத்தனையில் வயிற்றை ஆற்றியது எது? வெள்ளிக்கிழமை சந்தேகத்தைத்தான் கொடுத்தது, சாட்சியைக் கொடுக்கவில்லை.

இதே மாதிரி ஒரு சந்தேகம் நெதர்லாந்தில் ஒருவருக்கு வந்தது. வில்லெம் டிக்கே, ஹேக் நகரத்துக் குழந்தை மருத்துவர். சீலியாக் என்ற குடல் நோயால் இளைத்துப்போன குழந்தைகளைப் பார்த்துவந்தவர். கோதுமைமேல் அவருக்கு 1930களிலேயே ஒரு கண் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நாட்டில் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை, ஜனங்கள் துலிப் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். ஊரே வாடிய அந்த நாட்களில் இந்தக் குழந்தைகளின் வயிறு மட்டும் தேறியது. போர் முடிந்து ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. டிக்கே அதோடு நிறுத்தவில்லை. கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் பார்த்து, 1950இல் ஆய்வேடாகவே எழுதினார். நான் சொல்லவருவது இந்த 'கொடுத்தும்' என்ற சொல்லைத்தான்.

எலிமினேஷன் டயட் என்று இன்று சொல்வதை 1920களில் கலிஃபோர்னியாவில் ஆல்பர்ட் ரோ என்ற ஒவ்வாமை மருத்துவர் ஒரு முறையாகவே கையாண்டார். சந்தேகப்படும் உணவுகளைச் சில வாரம் விலக்குவது, உடம்பு அமைதியானதும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. நமக்கு இது புரியாத சங்கதி இல்லை. பத்தியம் இருப்பதையும் தெரியும், பத்தியம் முறிப்பதையும் தெரியும். இந்தச் சோதனையில் விடை கிடைப்பது முறிக்கிற நாளில்தான். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முறிக்காமலே நின்றுவிட்டவர்கள். பால் விட்டேன், நன்றாக இருந்தது, கோதுமை விட்டேன், இன்னும் நன்றாக இருந்தது, பருப்பையும் விட்டேன். கடைசியில் தட்டில் மிஞ்சியது ரசம் சாதம். ஒரு பெரியவர் இரண்டு வருஷம் அப்படி இருந்து, பத்துக் கிலோ இளைத்து வந்தார்.

தொடங்குமுன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். வேர்க்கடலையோ இறாலோ சாப்பிட்டு உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு முட்டியது என்றால் அது அலர்ஜி. அதை வீட்டில் திரும்பக் கொடுத்துப் பார்க்கவே கூடாது, மருத்துவரிடம் போங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, ராத்திரி தூக்கத்தைக் கலைக்கிற வயிற்றுப்போக்கு, இவற்றுக்கும் அப்படித்தான். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நீங்களாகப் பத்தியம் போடாதீர்கள். கோதுமைமேல் சந்தேகமிருந்தால், அதை விடுவதற்கு முன்பே சீலியாக் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். விட்டு மாதக்கணக்கானபின் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்றே வரலாம். இன்னொன்று. ஒரே ஊசியில் ரத்தம் எடுத்து, நூறு உணவுகளுக்கு ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளைப் பார்த்துச் சொல்கிறோம் என்ற விளம்பரங்கள். ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் அதை வேண்டாம் என்கின்றன. அந்த எதிர்ப்பொருள் நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதைத்தான் காட்டும். தினம் இட்லி தின்பவருக்கு அரிசி ஆகாது என்று அறிக்கை வந்தால் அதில் என்ன ஆச்சரியம்?

அந்த அம்மாவுக்கு வருகிறேன். முதல் வாரம் எதையும் விலக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். சாப்பிட்டது, நேரம், வயிற்றுப் பொருமலுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், அன்றைய தூக்கம். இரண்டாம் வாரம் வெங்காயமும் பூண்டும் நின்றன. இரண்டிலும் இருப்பது ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத் தொடர். அதை உடைக்கிற நொதி மனிதக் குடலில் யாருக்குமே கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துக் காற்றாக்குகின்றன. பலர் அந்தக் காற்றைக் கவனிப்பதுகூட இல்லை. குடல் உணர்ச்சி மிகுந்தவர்களுக்கு அதுவே வேதனை.

பத்து நாள் ஆகியும் மதிப்பெண் இறங்கவில்லை. வீட்டிலிருக்கும் டப்பாக்களை எல்லாம் எடுத்துவரச் சொன்னேன். சாம்பார்ப் பொடியில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இட்லிப் பொடியில் பூண்டு இருந்தது. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால், கோதுமை மாவு. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மாவும் பிசினும் கலந்துதான் இருக்கும். ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தால் பொருமல் வராதுதான், ஆனால் டப்பாவைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அன்றைக்கு அவருக்கு வந்தது. உண்மையான ஓட்டை வேறு இடத்தில். "வெங்காயம் நான் சாப்பிடலை மேடம், சாம்பார்ல போட்டுட்டு எனக்கு மட்டும் ஒதுக்கிட்டுத்தான் ஊத்திக்கறேன்." ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும். வெங்காயத்தை ஒதுக்கினாலும் சாரம் குழம்பில்தான். ஆனால் எண்ணெயில் கரையாது. அதனால் நல்லெண்ணெயில் பூண்டைப் பொரித்து, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை கிடைக்கும், வம்பு இருக்காது. அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள், பாட்டிலில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தனியாகச் சமைக்க மாமியாரிடம் அனுமதி வாங்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று. "ரெண்டு வெங்காயம் போட்டா உயிரா போயிடும்?" அந்தக் கேள்விக்கு என் படிப்பில் பதில் இல்லை. ஆனி மாதமாகப் பார்த்துத் தொடங்கியதால் நடுவில் இரண்டு கல்யாணப் பந்தி வேறு. நாட்காட்டியில் முகூர்த்தம் இல்லாத வாரங்களைப் பார்த்துத் தொடங்குங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் வயிற்றைப் பற்றியே பேசுவது நியாயமில்லை. எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று நாலு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்பத்தகுந்த சந்தேகம்தான். பாலிலிருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கிற லாக்டேஸ் நொதி சின்ன வயதுக்குப்பின் குறைவது தென்னிந்தியாவில் பாதிக்கு மேற்பட்ட பெரியவர்களுக்கு உண்டு. காபியை விட்டேன், வயிறு சரியாயிற்று. ஒருநாள் வீட்டுக்காரர் கேட்டார், "காபியோட சேர்த்து தினம் ஒரு கிண்ணம் காராபூந்தி சாப்பிடுவியே, அதையும்தானே விட்டே?" அப்புறம் அவரே சோதனையும் வைத்தார். லாக்டோஸ் நீக்கிய பால் ஒரு பாக்கெட், சாதாப் பால் ஒரு பாக்கெட். எந்த நாள் எது என்பது அவருக்கு மட்டும் தெரியும், ஒரு சீட்டில் எழுதி அரிசி டின்னுக்குள் வைத்துவிடுவார். லாக்டோஸ் நீக்கிய பால் கொஞ்சம் தித்திக்கும், அதனால் இரண்டிலும் சர்க்கரை தூக்கலாகவே போடச் சொன்னேன். பத்து நாள். சீட்டைப் பிரித்தால், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்ட மூன்று நாளில் இரண்டு நாள் லாக்டோஸே இல்லாத பால்.

நான் மட்டும் இல்லை. மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 37 பேர், எல்லோரும் கோதுமையிலிருக்கும் குளூட்டன் என்ற புரதம் தங்களுக்கு ஆகாது என்று நம்பியவர்கள். முதலில் ஃப்ரக்டான், லாக்டோஸ் போன்ற புளிக்கும் சர்க்கரைகளைக் குறைத்தார்கள், எல்லோருக்கும் தேறியது. பிறகு சொல்லாமல் மாற்றி மாற்றி, குளூட்டன் உள்ளதும் இல்லாததுமாகக் கொடுத்தார்கள். எதைக் கொடுத்தாலும் வயிறு ஒரே மாதிரிதான் கெட்டது. குளூட்டனால்தான் என்று சொல்லத்தக்கவர்கள் 8 விழுக்காடு. வலி பொய் என்று யாரும் சொல்லவில்லை. பயத்தோடு சாப்பிட்டால் குடலுக்கும் பயம் தெரிகிறது.

அந்த அம்மாவுக்குத் தனிச் சமையல் தொடங்கி மூன்றாம் வாரத்தில் மதிப்பெண் ஏழிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. "இப்படியே இருந்துடறேன் மேடம்" என்றார். நான் விடவில்லை. வேறு எதையும் மாற்றாமல் முதல் நாள் சாம்பாரில் அவர் பங்குக்கு இரண்டு சின்ன வெங்காயம், மறுநாள் ஐந்து, மூன்றாம் நாள் ஒரு கைப்பிடி. அப்புறம் மூன்று நாள் ஓய்வு. பூண்டுக்குத் தனியாக இதே மாதிரி. ஐந்து வெங்காயம் வரை நோட்டில் இரண்டு, இரண்டு என்றே இருந்தது. கைப்பிடி போட்ட அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு எட்டு. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை, அன்றைக்கும் எட்டு. பூண்டு இரண்டு பல் வரை தொந்தரவில்லை.

இப்போது அவர் வீட்டுச் சாம்பார் எல்லோருக்கும் ஒன்றுதான், வெங்காயத்தை எண்ணிப் போடுகிறார்கள். வெங்காய ஊத்தப்பம் மட்டும் அவருக்குக் கிடையாது. போன மாதம் கடைத்தெருவில் பார்த்தேன். "மாமியாரும் எண்ண ஆரம்பிச்சுட்டாங்க மேடம்" என்றார்.